முடிச்சு மாறியிருந்தது: ஒரு பழைய ரெக்கார்ட் ரூம் ஊழியரின் திறந்த மடல்

தேசிய சுகாதார ஆணையத்தின் அதிகாரிகளுக்கும் தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறையின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் டாக்டர் இல்லை, கம்ப்யூட்டர் படித்தவளும் இல்லை. 1989இல் ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் ரெக்கார்ட் ரூமில் வேலைக்குச் சேர்ந்து, 2021இல் அதே அறையிலிருந்து ஓய்வு பெற்றேன். வார்டிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வரும் கேஸ் ஷீட்டுகளை ஐ.பி. (உள்நோயாளி) நம்பர் வரிசையில் அடுக்கி, மாதவாரியாகக் கட்டி, வெள்ளை நாடாவால் முடிச்சுப் போட்டு ரேக்கில் ஏற்றுவது என் வேலை. போலீஸ், கோர்ட் என்று போகும் எம்.எல்.சி. கேஸ்களுக்குத் தனி பீரோ, தனிப் பூட்டு. மற்றதெல்லாம் கரையானுக்கும் எனக்கும் பொது.

இப்போது நோயாளியின் பதிவுகளை எல்லா ஆஸ்பத்திரிகளும் கம்ப்யூட்டர் வழியாகப் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு நடக்கிறது. 2021 செப்டம்பர் 27இல் அதற்கான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் நாடு முழுவதற்கும் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு ஏழு வாரம் முன்பு, ஆகஸ்ட் 5இல், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழ்நாட்டுத் திட்டம் தொடங்கியிருந்தது. இன்று தன்னார்வலர் பெண் வீட்டு வாசலில் நின்று பிரஷர் பார்க்கிறார், மாத்திரை தருகிறார், கையோடு பதிவும் செய்கிறார். நோயாளிக்குத் தரும் ஆபா என்ற 14 இலக்கச் சுகாதார எண்ணை வைத்து, ஓர் ஆஸ்பத்திரியில் எழுதியதை இன்னோர் ஆஸ்பத்திரியில் திறந்து பார்க்கலாம் என்கிறீர்கள். நான் இதை எதிர்த்து எழுதவில்லை. எனக்கு இது வேண்டும். ஏன் வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிட்டு, என்னை உறுத்துவதை அப்புறம் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. கடைசி நாலு வருடமாகக் கிட்னியும் சரியில்லை. ரத்தத்தில் கிட்னியின் பழுதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு இரண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தபோது மண்டபப் படியில் வழுக்கி முழங்காலில் அடிபட்டது. பக்கத்திலிருந்த நர்சிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. வலிக்கு ஓர் ஊசி போட்டு, ஐந்து நாளைக்கு வலி மாத்திரையும் கொடுத்தார்கள். "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார்கள். "சுகர் மாத்திரை" என்றார் அவர். அவ்வளவுதான். கிட்னியைப் பற்றி அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை, வலியில் முனகிக்கொண்டிருந்த மனிதரிடம் இரண்டாவது கேள்வி கேட்க அவர்களுக்கும் நேரமில்லை. கிட்னி பழுதானவருக்கு அந்த வகை வலி மருந்து ஆகாது என்று டாக்டர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் பழுதானவர் என்பதுதான் அங்கே யாருக்கும் தெரியவில்லை. பத்து நாள் கழித்து ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் நாலைத் தாண்டிவிட்டது.

அவருடைய ரிப்போர்ட்டெல்லாம் எங்கே இருந்தன தெரியுமா? எங்கள் வீட்டு அலமாரியில், ஒரு மஞ்சப்பையில், நானே தேதி வரிசையில் அடுக்கி நாடா கட்டிவைத்தபடி. ஊராருடைய கேஸ் ஷீட்டை எல்லாம் கட்டிக்காத்தவள், கட்டிய கணவனுடையதைக் கல்யாணத்துக்குக் கொண்டுபோகவில்லை. அந்தப் பையில் இருந்த ஈ.சி.ஜி. தாள்களில் பாதி வெளுத்தும் போயிருந்தன. வெப்பத்தில் அச்சாகும் காகிதம் அப்படித்தான். நாலைந்து வருடத்தில் இதயத் துடிப்பு மறைந்து வெறும் கட்டங்கள் மட்டும் மிஞ்சும்.

அதனால் பகிர்வு வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பீகார்ப் பையனுக்குக் காசநோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பினாலும் மாத்திரை விட்டுப்போகாமல், காசநோயாளிகளுக்கான நிக்ஷய் என்ற அரசு இணையப் பதிவேடு வழியாக அவன் சிகிச்சையை அந்த ஊர் மையத்துக்கு மாற்ற முடிகிறது. கையில் சீட்டோடு போனவர்களில் எத்தனை பேர் பாதியில் நிறுத்தினார்கள் என்பதை எங்கள் காலத்துப் பதிவேடுகள் சொல்லும். விபத்தில் மயங்கிக் கிடப்பவருடைய ரத்த வகை, ஒவ்வாமை, சாப்பிடும் ரத்தம் உறையாமைக்கான மாத்திரை எல்லாம் கேஷுவால்டி டாக்டருக்கு இரண்டு நிமிடத்தில் தெரிந்தால் அதன் மதிப்பை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதில்லை.

இனி உறுத்தல்.

ரெக்கார்ட் ரூமுக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு நியாயமான காரணம் இருக்கும். இன்சூரன்ஸ், கோர்ட், மேல் சிகிச்சை. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தரவேண்டும் என்று 2002ஆம் வருட மருத்துவக் கவுன்சில் விதி சொல்கிறது. மற்றப் பாதிப்பேருக்குக் காரணம் வேறு. வக்கீல் குமாஸ்தா வருவார், விபத்து இழப்பீட்டு ஏஜெண்ட் வருவார், நிலத்தகராறில் பங்காளியின் காயச் சான்று நகலைத் தேடிப் பங்காளி வருவார்.

ஒருநாள் ஐம்பது வயதிருக்கும் ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஸ்வீட் டப்பா. "அம்மா, நம்ம பையனுக்கு ஒரு எடம் பேசியிருக்கோம். அந்தப் பொண்ணு ரெண்டு வருஷம் முன்ன இங்க ஒரு வாரம் அட்மிட் ஆகியிருந்துச்சாம். என்ன ஏதுன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க, போதும்." முடியாது என்றேன். டப்பாவை மேசையில் வைத்தார். எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அடுத்த வாரம் வேறு எதையோ தேடியபோது, அந்த மாதத்துக் கட்டில் முடிச்சு மாறியிருந்ததைப் பார்த்தேன். நான் போடுவது சுருக்கு முடிச்சு. ஒரு முனையை இழுத்தால் அவிழும். அது குருட்டு முடிச்சாக இருந்தது. பிரித்துப் பார்த்தேன். எல்லா ஷீட்டும் இருந்தன. அந்தப் பெண்ணுடையது மட்டும் தலைகீழாக இருந்தது. யார் என்று விசாரித்தேன். நைட் டியூட்டியில் சாவி யார் யாரிடம் கைமாறியது என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை. கல்யாணம் நின்றுபோனது என்று பிறகு கேள்விப்பட்டேன். அவள் எதற்காக அட்மிட் ஆனாள் என்பதை இங்கே எழுதமாட்டேன். இத்தனை வருடம் கழித்தும் அது அவளுடைய கேஸ் ஷீட்தான்.

இது ஏதோ என் ஊர்க் கதை மட்டும் என்று நினைக்கவேண்டாம். நாகாலாந்திலிருந்து நோயாளி ஒருவரின் சிகிச்சைக்காக அவரோடு சென்னை வந்து, அவருக்காக ரத்தம் கொடுத்தவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்து, அந்தச் செய்தி ஊருக்குப் போய்ச் சேர்ந்து, நிச்சயித்த திருமணம் நின்றது. ஊரைவிட்டே அவர் போகவேண்டி வந்தது. 'மிஸ்டர் எக்ஸ்' என்ற பெயரில் உச்ச நீதிமன்றம் வரை போனார். மணமகளாக வரவிருந்தவரின் உயிருக்கும் உரிமை உண்டு என்று 1998இல் அவர் வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். தீர்ப்பின் நியாய அநியாயத்தைச் சட்டம் படித்தவர்கள் பேசட்டும். கணினி வலைப்பின்னல் எதுவும் இல்லாத நாளிலேயே ஒரு ரத்தப் பரிசோதனையின் முடிவு சென்னையிலிருந்து கோஹிமா வரை போயிருக்கிறது என்பதை மட்டும் நான் குறித்துக்கொள்கிறேன். பிறகு 2017இல் எச்.ஐ.வி. சட்டம் வந்தது, எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் அதை வெளியிடக் கூடாது என்றது. அதே வருடம் வந்த மனநலச் சட்டமும் இரகசியம் காக்கச் சொல்கிறது. சட்டங்கள் நல்ல சட்டங்கள்தான்.

ஆனால் காகிதத்துக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. அது சோம்பேறி. அந்தப் பெண்ணின் ஷீட்டைப் பார்க்க ஓர் ஆள் என் அறைக்கே வரவேண்டியிருந்தது, சாவி வாங்கவேண்டியிருந்தது, தூசியில் தும்மவேண்டியிருந்தது. ஒரு இரவில் ஒரு கட்டைத்தான் பிரிக்க முடியும். முடிச்சு மாறினால் எனக்குத் தெரியும். உங்கள் புது ஏற்பாட்டில் ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்து எத்தனை கட்டைப் பிரிக்கலாம், பிரித்தால் முடிச்சு மாறியது யாருக்குத் தெரியும்? இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

பதிவெல்லாம் ஒரே இடத்தில் குவிக்கப்படுவதில்லை, அந்தந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்கும், நோயாளி சம்மதித்தால்தான் இன்னோர் இடத்துக்குப் போகும், எந்தத் தேதி வரை, எந்த ரிப்போர்ட், எதற்காக என்று அவரே தேர்ந்தெடுக்கலாம் என்று உங்கள் கொள்கை சொல்கிறது. படித்தேன். நன்றாகவே யோசித்திருக்கிறீர்கள். பணத்தை வங்கியிலேயே வைத்துக்கொண்டு யூபிஐ வழியாக அனுப்புவது போன்ற ஏற்பாடு. ஆனால் வங்கியில் பூட்டு உடைந்தால் யூபிஐயைச் சொல்லி என்ன பயன்? 2022 நவம்பர் 23ஆம் தேதி காலை ஹேக்கர்கள் தாக்கி டெல்லி எய்ம்ஸில் சர்வர்கள் முடங்கின. ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டுவிட்டதாக நாடாளுமன்றத்திலேயே அரசு சொன்னது. இரண்டு வாரத்துக்குப் பக்கமாக அங்கே ஓ.பி. சீட்டு கையால் எழுதினார்கள். 2024இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்களையும் கிளெய்ம் காகிதங்களையும் டெலிகிராமில் ஒரு சாட்பாட் கேட்டவருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தது. தங்கள் தகவலை யாரோ சட்டவிரோதமாக எடுத்தார்கள் என்பதை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது.

ஹேக்கர்களை உங்கள் நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள். என் அனுபவத்தில் நான் அதிகம் பயப்படுவது உள்ளே இருக்கும் ஆளுக்கு. சிங்கப்பூரைச் சொல்கிறேன். 2018இல் அங்கே சிங்ஹெல்த் என்ற மருத்துவமனைக் குழுமத்தின் கணினிக்குள் புகுந்து 15 லட்சம் பேரின் விவரங்களை எடுத்தார்கள். அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கின் மருந்து விவரமும் போனது. அது வெளியாள் வேலை. அடுத்த வருடம் ஜனவரியில் எச்.ஐ.வி. உள்ள 14,200 பேரின் பெயர்ப் பட்டியல் இணையத்தில் வந்தது. அதைப் போட்டவர், அந்தப் பதிவேட்டைத் திறக்க அதிகாரம் பெற்றிருந்த ஒரு டாக்டரின் துணைவர். அவ்வளவு கட்டுக்கோப்பான ஊரிலேயே நைட் டியூட்டிச் சாவி கைமாறியிருக்கிறது.

இங்கே நிலைமை எப்படி? போன வருடம் ஓர் ஆஸ்பத்திரியில் மானிட்டரின் ஓரத்தில் பிளாஸ்திரி ஒட்டி, அதில் பேனாவால் யூசர் நேமும் பாஸ்வேர்டும் எழுதியிருந்ததை நானே பார்த்தேன். ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் ஆள் மாறுவார்கள், லாகின் மாறாது. அந்த நர்ஸ்களைக் குறை சொல்லமாட்டேன். நாற்பது பெட்டுக்கு இரண்டு பேர். ஒவ்வொரு முறையும் வெளியேறி உள்ளே போய்க்கொண்டிருந்தால் ஊசி போடுவது யார்? ஆனால் அந்த லாகினில் நாளைக்கு யார் எதைத் திறந்தாலும் கம்ப்யூட்டர் ஒரே பெயரைத்தான் சொல்லும். அந்தப் பெயருக்குரியவர் ஒருவேளை அன்று லீவில் இருந்திருப்பார்.

அடுத்தது சம்மதம். ஓ.பி. கவுண்ட்டரில் என் வீட்டுக்காரரோடு நின்றேன். எங்களுக்கு முன்னால் ஒரு பாட்டி.

"பாட்டி, போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க."

"போன் எங்கிட்ட ஏது தம்பி? மவன் நம்பரத்தான் குடுத்தேன். அவன் திருப்பூர்ல இருக்கான்."

"அப்போ அவருக்கு போன் போட்டுக் கேளுங்க."

பின்னால் நின்றவர் தன் போனைக் கொடுத்தார். பாட்டி சத்தமாகப் பேசினார்: "டேய், உன் போனுக்கு ஏதோ நம்பர் வந்திருக்காம்டா, படி." அவன் படித்தான், இவர் திருப்பிச் சொன்னார், தம்பி தட்டினார். முடிந்தது. பாட்டியின் சம்மதத்தை அவருடைய மகன் திருப்பூரிலிருந்து கொடுத்துவிட்டான். எதற்குக் கொடுத்தோம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. என் முறை வந்ததும், "எதுக்கு தம்பி இது?" என்று கேட்டேன். "சிஸ்டம் கேக்குதும்மா" என்றார்.

டோக்கனுக்காக க்யூஆர் ஸ்கேன் செய்யும்போது பெயர், வயது, முகவரி போன்ற அடிப்படை விவரம் மட்டும்தான் போகிறது, நோய் விவரம் போவதில்லை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வரிசையில் நிற்கும் யாருக்கும் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் செய்வது உங்களுக்குப் புதிதும் இல்லை. 2021இல் கோவிட் தடுப்பூசிக்கு ஆதார் காட்டிய பலருக்குக் கேட்காமலேயே இந்தச் சுகாதார எண் உருவாகி, சான்றிதழில் அச்சாகி வந்தபோதுதான் அப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது.

பாட்டிக்கு மகன் போன் என்றால், மருமகளுக்குப் புருஷன் போன். எங்கள் பக்கத்தில் ஒரே எண்ணில் வீட்டில் நாலு பேரின் கணக்கு இருப்பது சாதாரணம். மாமியாருக்குத் தெரியாமல் கருத்தடைக்குக் காப்பர்-டி போட்டுக்கொள்ள வரும் பெண்ணை யோசித்துப் பாருங்கள். எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருவார்கள். ஓடிபி என்று ஒன்று புருஷன் போனில் ஒலித்தாலே போதும், அவள் எங்கே நிற்கிறாள் என்று வீட்டுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பயந்து அவள் வராமலேயே இருந்துவிட்டால் உங்கள் புள்ளிவிவரத்தில் எந்தக் கட்டத்திலும் அது பதிவாகாது.

இன்னொன்று, சின்ன விஷயம்போலத் தெரியும். எங்கள் ஊரில் மாரியம்மாள் என்ற பெயரில் ஒரே மாதம் ஏழு பேர் அட்மிட் ஆவார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் புருஷன் இனிஷியல். ஆதாரில் பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி 1. ஒரே பெண்ணுக்கு இரண்டு பதிவும், இரண்டு பெண்ணுக்கு ஒரே பதிவும் வர இது போதும். காகிதத்தில் ஒரு மாரியம்மாளின் ரத்த வகையை இன்னொரு மாரியம்மாளின் ஷீட்டில் எழுதினால் அந்தத் தப்பு அந்த ஷீட்டோடு கிடக்கும். இப்போது அவள் போகும் ஆஸ்பத்திரிக்கெல்லாம் அதுவும் கூடவே போகும், டாக்டர் திரையைத்தான் நம்புவார். தப்பு என்று தெரிந்தால் திருத்த யாரிடம் போவது? எழுதிய ஆஸ்பத்திரியிடமா, பார்த்த ஆஸ்பத்திரியிடமா, உங்களிடமா?

நான் கேட்பது அதிகமில்லை. என் ரிப்போர்ட்டை யார் திறந்தாலும், எந்த ஊரில், எந்தப் பெயரில், எத்தனை மணிக்கு என்று எனக்குத் தமிழில் ஒரு வரி வரவேண்டும். ஏ.டி.எம்.மில் நூறு ரூபாய் எடுத்தால் வருகிறதே, அதுபோல. போன் இல்லாதவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு அந்தப் பட்டியலை அச்செடுத்து வாங்கிக்கொள்ள வழி வேண்டும். நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். எஸ்டோனியா என்கிற சின்ன நாட்டில் 2008இலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே மருத்துவப் பதிவு முறை இருக்கிறது. தன் பதிவை யார் பார்த்தார் என்று அங்கே ஒவ்வொருவரும் தானே பார்த்துக்கொள்ளலாம், வேண்டாத பக்கத்தை மூடியும் வைக்கலாம். அவர்கள் சென்னை மக்கள்தொகையில் கால்வாசிகூட இல்லை என்பது உண்மைதான். ஆனால் கோடிக்கணக்கான பேருக்கு யூபிஐ குறுஞ்செய்தி அனுப்பத் தெரிந்த நாட்டுக்கு இது பெரிய கணக்கா?

மூடிவைக்கும் வசதி இங்கேயும் கவுண்ட்டரிலேயே கிடைக்கவேண்டும். கிரியாட்டினினைக் காட்டு, மனநல மாத்திரையை மூடு என்று நோயாளி சொன்னால் அதற்கு ஒரு பட்டன் வேண்டும். மூடினால் டாக்டருக்குக் குறை தகவல்தான் போகும், அதில் ஆபத்து உண்டு, ஒரு மருந்தோடு இன்னொன்று மோதலாம். தெரிந்துதான் கேட்கிறேன். எதை மறைத்தால் என்ன ஆகும் என்று டாக்டர் எடுத்துச் சொல்லட்டும். முடிவு அவளுடையதாக இருக்கட்டும். வேண்டாம் என்பவருக்கும் அதே வரிசையில் அதே டோக்கன் கிடைக்கவேண்டும். இது கட்டாயமில்லை என்று நீங்கள் சொல்வது கவுண்ட்டர் தம்பிக்கும் எட்டவேண்டும்.

பணத்தைப் பற்றியும் ஒன்று. 2023இல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில், தகவலைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. பெரிய தொகை. அது போவது அரசின் கஜானாவுக்கு. பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்பதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த 43-ஏ பிரிவையோ இந்தச் சட்டம் நீக்குகிறது. கல்யாணம் நின்றுபோன பெண்ணுக்கு என்ன கிடைக்கும்? டெல்லி எழுதிய சட்டத்தை மாநிலம் மாற்ற முடியாது என்று தெரியும். மாநிலத் திட்டத்தின் கீழ் சேர்க்கப்பட்ட பதிவு கசிந்தால் மாநிலமே ஒரு தொகை தரும் என்று ஓர் அரசாணை போட முடியுமே. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை என்று அறிவித்த மாநிலம்தானே இது.

என் வீட்டுக்காரருக்கு இப்போது வாரம் இருமுறை டயாலிசிஸ். போன மாதம் ஆபா எண் எடுத்துக்கொடுத்தேன். ஓடிபி என் போனுக்குத்தான் வருகிறது, அவருக்குக் கண் தெரிவதில்லை. அவருடைய பழைய ரிப்போர்ட்டுகளையும் ஏற்றச் சொன்னேன். வெளுத்துப்போன ஈ.சி.ஜி. தாள்களை மட்டும் ஏற்ற முடியவில்லை. எல்லாம் முடிந்ததும், "இதுவரைக்கும் யார் யார் இதைப் பார்த்திருக்காங்கன்னு காட்டு தம்பி" என்றேன். திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "அது எங்க வரும்னு தெரியலம்மா, கேட்டுச் சொல்றேன்" என்றார். நல்ல பையன், நிஜமாகவே போன் நம்பரைக் குறித்துக்கொண்டார். இன்னும் கூப்பிடவில்லை.

அவர் உங்களைத்தான் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரெக்கார்ட் ரூம் ஊழியர் ஒருவர்